ஆள் கணக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இருக்கிற குறையை டாக்டர் சொல்லிவிட்டார். தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "மாஸ்டர், உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று அவர் சொன்னதும் பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். கான்டீனில் என் சமையலைச் சாப்பிடுகிறவர்கள் இத்தனை வருஷமாய் என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்ததை இவர் ஊசி போட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். வயிறும் சரியில்லை. காலையில் போய் உட்கார்ந்துவிட்டுப் போனபடியே திரும்பி வருகிறேன். கல்யாணமான தங்கச்சிக்கு எழுதுகிற விஷயமா இது என்று கேட்காதே. வேறு யாரிடம் சொல்வேன்?

வீட்டுக்குத் தபால் சரியாய் வருவதில்லை என்று நீ கொடுத்த அந்தத் தெரிந்தவர் கம்பெனி விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். போன் எனக்குச் சரிப்படாது. புகை இழுக்கிற ஃபேனுக்குக் கீழே நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் எதைப் பார்ப்பது?

இன்னொரு தகவல். தகவல்தான், வேறொன்றும் இல்லை. கான்டீனை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்கள். எங்கேயோ சமைத்து வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்களாம். கான்டீனுக்குப் பின்னால் நான் இருக்கிற அறையும் அதோடு போகும். வருஷக் கடைசிக்குள் காலி செய்தால் போதும் என்று மேனேஜர் தோளில் கை போட்டுச் சொன்னார். அந்த ஆள் தோளில் கை போட்டால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம்.

மாடி அறை உனக்குத்தான் அண்ணா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று நீ வருஷம் தவறாமல் எழுதுவாய். நான் எதையும் கேட்கவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை சுண்டு எழுதிக்கொண்டது. இங்கே சுகம். உன் உடம்பை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. கடிதத்தோடு இரண்டு பை அனுப்பியிருக்கிறேன். சின்னதாய்ப் புள்ளி புள்ளியாய் இருப்பது சியா விதை. பழுப்பாய், பளபளவென்று தட்டையாய் இருப்பது ஆளி விதை. இரண்டும் கொழுப்புக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. தினமும் ஒவ்வொரு ஸ்பூன் சாப்பிடு. மருந்து என்று நினைக்காதே, சாப்பாட்டோடு சேர்த்துக்கொள். கஞ்சியில் போடலாம், தயிரில் போடலாம், எலுமிச்சைச் சாற்றில் போடலாம். தண்ணீர் நிறையக் குடி. டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதே.

எண்ணெயைக் குறை. ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டு மிஞ்சியதை நீ சாப்பிடுகிறாய், அதுதான் வினை.

கான்டீன் விஷயம் எழுதியிருந்தாய். வருஷக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பார்க்கலாம்.

அவர் நலம். நீ கேட்டதைச் சொன்னேன்.

அன்புத் தங்கை
சுண்டு


மார்ச் 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். நலமாக இருப்பதே ஆச்சரியம், மேலே படி.

விதை வந்து சேர்ந்தது. நான் என்ன வயலா, விதையை அனுப்பியிருக்கிறாயே என்று முதலில் சிரித்தேன். சரி, தங்கச்சி ஆசைப்பட்டு அனுப்பியிருக்கிறாள் என்று ஆளி விதையைச் சோற்றின் மேல் அப்படியே தூவிச் சாப்பிட்டேன். பாதி பல் செட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மீதி பாதி, சொல்லக்கூடாது, போட்டது போட்டபடி மறுநாள் வெளியே வந்தது. ஒரு விதைக்குக்கூடச் சேதம் இல்லை.

சியா விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பூனை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தேன். மாத்திரை முழுங்குகிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்றுதான். தொண்டைக்குக் கீழே போய் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். தண்ணீரை ஊற்ற ஊற்ற அது ஊதுகிறது. ஞாயிறு, கான்டீனில் ஈ காக்கை கிடையாது. முதுகில் இரண்டு தட்டுத் தட்ட ஆள் இல்லாமல் நானே சுவரில் முதுகை இடித்துக்கொண்டேன். இடித்த இடத்தில் மாட்டியிருந்த வடிகரண்டி விழுந்து நசுங்கியது. அப்புறம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

மாப்பிள்ளையும் இதைச் சாப்பிடுகிறாரா? சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார், எனக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தானே உன்னைக் கொடுத்தேன். எத்தனை பேர் இங்கே சாப்பிட்டார்கள், தன் தட்டைத் தானே கழுவிய ஒரே மனுஷன் அவர்தான். ஜாதகம் பார்க்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தேன், முடிவு பண்ணினேன். இன்றைக்கும் என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அறை விஷயத்தைப் படித்தாயா? "பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாய். சரி.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? தப்பு என்னுடையதுதான். ஊறவைக்க வேண்டும் என்று எழுத விட்டுப்போய்விட்டது. எனக்குப் பழகிப்போனதால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இனிமேல் சியாவை உலர்ந்தபடி வாயில் போட்டாய் என்றால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

இப்படிச் செய். சியாவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கு. சும்மா விட்டால் அடியில் கட்டியாகிவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கலக்கு. சப்ஜா மாதிரி போட்டதும் ஊதாது, நிதானமாகத்தான் ஊறும். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி வந்த பிறகு குடி. ஆளியை வெறும் சட்டியில் லேசாக வறு, படபடவென்று சத்தம் வந்ததும் இறக்கு, ஆறிய பிறகு பொடி பண்ணு. பொடி செய்யாவிட்டால் அது முழுசாக அப்படியே வெளியே போய்விடும், நீயே பார்த்துவிட்டாய். நிறையப் பொடி பண்ணி வைக்காதே, பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை வந்துவிடும். கஞ்சியிலோ பருப்பிலோ ஒரு ஸ்பூன் கலந்தால் தெரியவே தெரியாது.

இன்னும் நான்கு பை அனுப்பியிருக்கிறேன். இங்கே கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

அவரும் தினமும் குடிக்கிறார். காலையில் டீக்கு முன்னால் சியா. நன்றாக இருக்கிறார்.

உன் பக்கத்தில் யாராவது ஒருத்தர் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ராத்திரியெல்லாம் அந்தச் சுவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுண்டு


ஏப்ரல் 14

அன்புள்ள சுண்டுவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. வயிறு வழிக்கு வந்துவிட்டது. மேற்கொண்டு விவரம் கேட்காதே, சந்தோஷமாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது கான்டீனே உன் விதையில்தான் ஓடுகிறது. ஆளிப் பொடியை ரொட்டி மாவில் பிசைந்தேன். "மாஸ்டர், மாவுல என்ன, மண்ணா?" என்று வெல்டர் கேட்டான். "உன் உடம்புக்கு மண்ணே போதும், பேசாம தின்னு" என்றேன். மூன்றாவது நாள் அவனே, "அந்த மண்ணு ரொட்டி இல்லையா இன்னைக்கு?" என்று வந்து நிற்கிறான். எலுமிச்சைச் சாற்றில் சியாவைப் போட்டு வைத்தால் தவளை முட்டை என்று ஓடினார்கள். வெயில் ஏற ஏற வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனால் ராத்திரி எனக்கென்று சமைக்கும்போதுதான் சங்கடம். நானூறு பேருக்கு உப்பு அள்ளிய கை. ஒருத்தனுக்கு எவ்வளவு உப்பு என்று அதற்குத் தெரியவில்லை. ஒன்று கரிக்கிறது, இல்லையென்றால் சப்பென்று இருக்கிறது. குறை சொல்லவும் எதிரே ஆள் கிடையாது, நானே சொல்லி நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ அனுப்புகிற பைகளில் பேர் போட்ட சீட்டு எல்லாம் கோணலாக ஒட்டியிருக்கிறது. ஒரு பையில் சீட்டே இல்லை, இன்னொன்றில் வாய் சரியாக ஒட்டவில்லை. எந்தக் கடைக்காரன் உன் தலையில் இதைக் கட்டுகிறான்? மாப்பிள்ளையைப் போய்க் கேட்கச் சொல்.

மாப்பிள்ளை சியா குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். என்னால் நம்ப முடியவில்லை. வழுவழுவென்று இருக்கிறது என்று வெண்டைக்காயையே ஒதுக்கி வைக்கிறவர் அவர். இங்கே சாப்பிட்ட நாளில் அவருக்காகவே நான் தனியாக வறுத்துப் போடுவேன். அந்த மனுஷன் இதைக் குடிக்கிறார் என்றால் நீ பலே ஆள்தான். அடுத்த கடிதத்தில் அவரை ஒரு வரி எழுதச் சொல். அவர் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது.

அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் வரவில்லை. அதனால்தான் போன மாதம் கான்டீனுக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, சரி. உடம்பைப் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டாய். நீ கோபப்படுவாய், அழுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. அதுவும் நல்லதுதான். நானும் அதைப் பற்றி இனிமேல் எழுதவில்லை.

வெயிலுக்கு ஒரு பானம் எழுதுகிறேன், பண்ணிக் குடி. எனக்கு இது ஒத்துக்கொள்கிறது. முதல் நாள் சாயங்காலமே அரை டம்ளர் பாலில் ஒரு ஸ்பூன் சியா ஊறவை. காலையில் பாதி வாழைப்பழத்தை மசித்துப் போடு. மேலே அரை ஸ்பூன் ஆளிப் பொடி. மீதிப் பாதிப் பழத்தைத் தோலோடு மூடி வைத்தால் மறுநாளைக்கு ஆகும், நுனி மட்டும் கறுத்திருக்கும், வெட்டிவிடலாம்.

பை மூன்று அனுப்பியிருக்கிறேன்.

சுண்டு


ஜூன் 13

சுண்டுவுக்கு,

நலம்.

போனில் நீ பேசியது எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. பின்னால் மாவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விதையைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாய் என்று நினைத்து, சரி சரி என்று வைத்துவிட்டேன். அதில் நான் கோபப்படுவதற்கும் அழுவதற்கும் என்ன இருந்தது? எழுது.

எழுதமாட்டாய் என்றால் நானே சொல்கிறேன். நான் படித்தவன் இல்லை, ஆனால் ஒரு சமையல் குறிப்பைக் கொடுத்தால் பந்தியில் எத்தனை இலை என்று சொல்லிவிடுவேன். அரை டம்ளர் பால், பாதிப் பழம், மீதிப் பாதி மறுநாளைக்கு. இது ஒரு ஆள் கணக்கு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் யாரும் பாதிப் பழத்தை மூடி வைக்கமாட்டார்கள். மற்றவர் சாப்பிட்டுவிடுவார்.

அப்படியென்றால் மாப்பிள்ளை உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஏன் என்றும் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிடலாமா என்று நீ கேட்டிருப்பாய், அவர் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். ஒரு வரி எழுதச் சொன்னேன், அதுவும் இல்லை. போனிலும் இதைத்தான் சொல்லியிருப்பாய். என்னைப் பிடிக்கவில்லை என்றால் அவர் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே? ஐந்து மாதமாக நான் அறையைப் பற்றி எழுதினால் நீ விதையைப் பற்றி எழுதுகிறாய். "வா" என்று எழுத ஒரு எழுத்து. அதற்கு உனக்கு மனசு வரவில்லை.

இங்கே வருஷக் கடைசி என்றவர்கள் ஆகஸ்டு என்று மாற்றிவிட்டார்கள். வண்டிச் சாப்பாடு செப்டம்பரிலேயே வருகிறதாம். எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் இப்படி இருக்கிறாய் என்றால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

விதை அனுப்ப வேண்டாம்.

அண்ணன்


ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்துக்கு நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். அவருக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அதை மட்டும் நம்பு. உன்னை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

இப்போதைக்குப் புறப்பட்டு வந்துவிடாதே. கொஞ்சம் பொறு. நான் ஏதாவது ஏற்பாடு செய்துவிட்டு எழுதுகிறேன். மேனேஜரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டுப் பார். உன்னை வெளியே நிறுத்த அவர்களுக்கு எப்படி மனசு வரும்?

வேண்டாம் என்றாலும் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். சியாவை ஊறவைக்காமல் சாப்பிடாதே.

சுண்டு


செப்டம்பர் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். இதை உன் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன்.

தவணை கேட்டேன், தரவில்லை. பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். வெல்டர்தான் பஸ் ஏற்றிவிட்டான். மாப்பிள்ளையை நேருக்கு நேராய் நாலு வார்த்தை கேட்பது, அப்புறம் எங்கேயாவது போவது என்றுதான் வந்தேன். நேற்றுக் காலையில் உன் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது யாரோ ஒரு பெண். இடுப்பில் குழந்தை. உன்னைக் கேட்டேன். "அவங்க இங்க இல்லையே, வீட்ட நாங்க போன வருஷமே வாங்கிட்டோமே" என்றாள். உதட்டைப் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சத்தமாகச் சொன்னாள். "அந்தம்மாவோட வீட்டுக்காரர் வேற ஒருத்தியோட போயிட்டாராம். வித்த காசோட போயிட்டாருன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. அந்தம்மா எங்க இருக்காங்கன்னு தெரியல. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

தெரிந்தவன் என்றேன். அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று தெரியாத அண்ணன் என்ன அண்ணன்? அந்தப் பெண் நல்லவள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். மாடி அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கூட்டிப்போனாள். கொடி கட்டிக் குழந்தைத் துணி காயப்போட்டிருக்கிறார்கள். காற்று நன்றாக வருகிறது.

அப்புறம் கடிதம் போடுகிற விலாசத்தைத் தேடிக்கொண்டு போனேன். பெரிய தகரக் கூரை. வாசலில் லாரி, மூட்டை மூட்டையாய் விதை இறங்குகிறது. எதிரே சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நின்றேன். சாயங்காலம் மணி அடித்துப் பெண்கள் வெளியே வந்தார்கள். நீயும் வந்தாய். தலையில் வலைத் தொப்பி, அதைக் கழற்ற மறந்துவிட்டாய். உன் சேலையில் விதை ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டே நடந்தாய். சீட்டு கோணலாக ஒட்டிய பை எந்தக் கடையில் கிடைக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இளைத்துவிட்டாய். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எனக்குத் தெரியக்கூடாது என்று நீ இத்தனை பாடுபட்டு மறைத்ததை, பத்துப் பேர் நடுவில் நான் எப்படிப் போய் உடைப்பேன்? போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீ போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு தட்டைப் பார்த்து உன்னைக் கொடுத்தவன் நான். எனக்குச் சமையலைத் தவிர ஒன்றும் தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது. "வா" என்று எழுத மனசில்லை என்று உன்னைத் திட்டினேன். வீடே இல்லாதவள் எப்படி எழுதுவாள்? அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். கையில் கொஞ்சம் இருக்கிறது, ஒரு வாரம் ஓடும். இதைக் கம்பெனி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். என்னைப் பார்க்க உனக்கு இஷ்டம் இல்லை என்றால் பதில் எழுத வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

உன் அண்ணன்


செப்டம்பர் 5

அண்ணா,

சுகமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. லாட்ஜில் என்ன சாப்பிடுகிறாய்?

அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உனக்கு முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீ ஒவ்வொரு கடிதத்திலும் அந்தத் தட்டைப் பற்றி எழுதுவாய். உன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று எழுதினாய். அதையும் உன்னிடமிருந்து எப்படிப் பிடுங்குவேன்? மே மாதம் துணிந்து போனில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன்கூட. நீ சரி சரி என்றாய். அண்ணனும் இவ்வளவுதானா என்று நினைத்தேன். உனக்குக் கேட்கவில்லை என்று ஜூனில் தெரிந்தபோது, இரண்டாவது தடவை சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. ஒரு தடவைக்குத்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

இங்கே எனக்கு ஒரு அறை. கம்பெனியே கொடுத்தது, இரண்டு பெண்களோடு பங்கு. ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். வா என்று எழுதப் பேனாவை எத்தனை தடவை எடுத்தேன் தெரியுமா? எங்கே வா என்று எழுதுவது?

இப்போது இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதுவும் உள்ளேயே கிடக்கும். நான் உன்னைப் பார்த்தேன் அண்ணா. முந்தாநாள் அந்தக் கொட்டகையில். வாசலைத் தாண்டியதுமே பார்த்துவிட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேறு யார் அப்படி நிற்பார்கள்? பக்கத்தில் வந்துகொண்டிருந்தவள் கேட்டாள், "யாருக்கா அந்தப் பெரியவர், உன்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு?" தெரியாது என்றேன். என் வாயால் சொன்னேன். சேலையில் விதை ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல் இருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று தட்டிக்கொண்டே போனேன். நீ கூப்பிடமாட்டாயா என்று முதுகெல்லாம் காதாக நடந்தேன். தெருமுனை வரைக்கும் நீ கூப்பிடவில்லை. அறைக்கு வந்து தொப்பியைக் கழற்றியபோதுதான் அழுகை வந்தது.

இதை விடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில் லாட்ஜ் மேசையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். மாடி ஏறி வந்து கதவைத் தட்டலாம்தான். உன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வேலைக்குப் போகமாட்டேன், இன்றைக்கு லீவு போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

சாயங்காலம் அதே கொட்டகையில் நில். எல்லாப் பெண்களும் என்னோடுதான் வருவார்கள், வரட்டும். நான் கூப்பிடமாட்டேன், கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. தெருவைத் தாண்டி நேராக வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, இவர் என் அண்ணன் என்று சொல்லப்போகிறேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டிரு.

சுண்டு